எந்தப் பதிப்பு, எத்தனை பக்கம்?

(வாசகர் சந்திப்பு ஒன்றின் நிறைவு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் பேசத் தொடங்கும் முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் உரையின் பாதியை எனக்கு முன்பே பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, பிறருடைய நூல்களில் ஒற்றுப்பிழை நீக்குவதிலேயே தம் கண்ணொளியைச் செலவிட்ட மூத்த மெய்ப்புத் திருத்துநர் ஐயா அவர்களே, காலையிலிருந்து ஒருவரோடொருவர் வாதிட்டுக் களைத்திருக்கும் வாசகப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒரே நூலைப் பற்றி வாசகர்களிடையே ஏன் இத்தனை விதமான கருத்துகள் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நாவல்கள், அகராதி போன்ற பார்வை நூல்கள், மொழிபெயர்ப்புகள் என்று மூன்று பகுதிகளாகப் பேச எண்ணியிருக்கிறேன்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். இவன் மேடையேறினால் இந்தப் பழமொழியும் கூடவே ஏறிவிடும் என்று முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆயினும் இன்று அதைப் போற்றுவதற்காக நான் எடுக்கவில்லை. பானைக்குள் இருக்கும் அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே தீயில் வேகிறது. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். நாவலிலோ ஒவ்வோர் அத்தியாயமும் தனித்தனி அடுப்பில் வேகிறது. முதல் முப்பது பக்கத்தைப் படித்துவிட்டு ‘இழுவை’ என்று தீர்ப்பளிப்பவரும், கடைசி அத்தியாயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ‘காவியம்’ என்று கொண்டாடுபவரும் ஒரே நூலைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பது என் ஐயம்.

என் நண்பர் ஒருவரின் கதையைச் சொன்னால் இது விளங்கும். அவர் ஒரு துப்பறியும் நாவலைப் படித்துவிட்டு, ஒரு கூட்டத்தில் அதை வானளாவப் புகழ்ந்தார். கொலையாளி யார் என்று சொல்லாமலே கதையை முடிக்கும் துணிச்சல் வேறு யாருக்கு வரும் என்றார். ‘அவள் கதவைத் திறந்தாள்’ என்ற ஒற்றை வரியோடு நூல் நிற்கிறது, மிச்சத்தை வாசகனின் மனச்சான்றிடம் ஆசிரியர் விட்டுவிடுகிறார் என்று கண்கலங்கவும் செய்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்து, கொலையாளி கணக்குப்பிள்ளைதான் என்பது பாதியிலேயே தெரிந்துவிடுகிறது, அதையும் ஆசிரியர் பதினைந்து பக்கம் விளக்கோ விளக்கென்று விளக்கிக் கழுத்தறுக்கிறார் என்றார். நண்பருக்கு வந்ததே கோபம். உங்களுக்கு நுட்பம் பிடிபடவில்லை என்று இவரும், உங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே தெரியவில்லை என்று அவரும் அரைமணி நேரம் மோதிக்கொண்டார்கள். கடைசியில் யாரோ ஒருவர் இரண்டு படிகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தார். நண்பரின் படி 176-ஆம் பக்கத்தோடு முடிந்திருந்தது. அம்மையாரின் படியில் 192 பக்கங்கள். பைண்டிங்கில் கடைசி ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், சேராமலே போயிருந்தது. அந்தப் பக்கம் முற்றுப்புள்ளியோடு முடிந்து தொலைத்ததுதான் நண்பரின் போதாத காலம்.

சிரிக்கிறீர்கள். உலகப் பெரும் நாவல் ஒன்றுக்கே இது நேர்ந்திருக்கிறது. ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ 1851 அக்டோபரில் லண்டனில் ‘த வேல்’ என்ற தலைப்பில் மூன்று தொகுதிகளாகவும், அடுத்த மாதம் நியூயார்க்கில் ஒரே தொகுதியாகவும் வெளிவந்தது. கப்பல் மூழ்கியபின் கதைசொல்லி ஒருவன் மட்டும் பிழைத்த செய்தியைச் சொல்லும் பின்னுரை லண்டன் பதிப்பில் இல்லை. எல்லோரும் மாண்டுபோனார்கள் என்றால் கதையைச் சொன்னது யார் என்று அங்குள்ள மதிப்புரையாளர்கள் சிலர் கேட்டதில் என்ன தவறு? அவர்கள் கையிலிருந்த நூலுக்கு அது நியாயமான கேள்வி.

இதனால்தான் சில ஆண்டுகளாகப் போகுமிடமெல்லாம் ஒரே கோரிக்கையை வைத்து வருகிறேன். நூலைப் பற்றிக் கருத்துச் சொல்பவர் எவராயினும், எந்தப் பதிப்பை, எந்தப் பக்கம்வரை படித்தார் என்பதை முதல் வரியில் எழுதிவிட்டுப் பிறகு திட்டட்டும், புகழட்டும்.

அகராதிகளின் விஷயத்தில் இது இன்னும் அவசியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ‘கணினி’ இல்லை, இது என்ன பேரகராதி என்று ஒருவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தாங்கிய அந்தத் தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தவை, அனுபந்தம் 1939-இல் வந்தது என்று தலைப்புப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் அந்தக் குறையே எழுந்திராது.

சரி, அகராதியிலாவது ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்து முழுவதையும் எடைபோடலாமா, இங்கேயாவது ஒரு சோறு பதமா என்றால், அதுவும் ஆபத்துதான். வெப்ஸ்டர் பேரகராதியின் 1934-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ‘டோர்ட்’ என்றொரு சொல், அடர்த்தி என்ற பொருளோடு அச்சாகிவிட்டது. அப்படியொரு சொல்லே கிடையாது. அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கம் பெரிய ‘டி’ அல்லது சிறிய ‘டி’ என்று ஒரு சீட்டில் எழுதியிருந்ததை, ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். அதற்குச் சொற்பிறப்பு எதுவும் தரப்படாததை 1939-இல் ஒரு பதிப்பாசிரியர் கவனித்த பிறகே குட்டு வெளிப்பட்டது. அந்த ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தவர் பானையையே கவிழ்த்திருப்பார். ஆறு லட்சம் பதிவுகள் கொண்ட நூலுக்கு அது பெரும் அநீதி. (மெய்ப்புத் திருத்துநர் ஐயா தலையசைக்கிறார், அவருக்கு இந்த வலி தெரியும்.)

மூன்றாவதாக மொழிபெயர்ப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் தலைவர் அவர்கள் கடிகாரத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். எனவே அந்தப் பகுதியை விட்டுவிட்டு என் கோரிக்கைக்கே வருகிறேன்.

நூலகர் அம்மையாரின் இசைவோடு வாசலருகே ஒரு தடித்த குறிப்பேடு வைத்திருக்கிறோம். இடப்பக்கம் பதிப்பு ஆண்டும் படித்த பக்கமும், வலப்பக்கம் உங்கள் கருத்து. இடப்பக்கத்தை நிரப்பாமல் வலப்பக்கத்துக்குத் தாவ வேண்டாம் என்பது மட்டுமே வேண்டுகோள். முதல் பதிவை என் நண்பரே எழுதிவிட்டார்: “176-ஆம் பக்கம்வரை படித்தேன். மிக அருமையான முடிவு. மிச்சத்தைப் படிக்கும் எண்ணம் எனக்கில்லை.”

நன்றி, வணக்கம்.