ஒளித்து வைக்காத கேமரா

நேயர்களுக்கு வணக்கம்.

பணியில் இருக்கும் போலீஸ்காரரைப் பொதுமக்கள் வீடியோ எடுக்கலாமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வியை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பெரும்பாலும் ‘எடுக்கலாம்’ என்றே சொல்லியிருக்கின்றன. ‘எடுக்கவே கூடாது’ என்று நேரடியாகச் சட்டம் போட்டால் அங்கே நிற்காது. அதனால் தடுக்க நினைக்கிறவர்கள் வேறு சட்டம் எதையாவது தேடிப் பிடிக்கிறார்கள்.

2007 அக்டோபர் 1-ஆம் தேதி. பாஸ்டன் நகரின் நடுவில் உள்ள ‘பாஸ்டன் காமன்’ பூங்கா. மூன்று போலீஸார் ஓர் இளைஞரைப் பிடித்து மடக்கிக்கொண்டிருந்தார்கள். ‘ஐயோ, அவரை அடிக்கிறீர்களே’ என்கிற மாதிரி யாரோ குரல் கொடுத்தார்கள். அந்த வழியாக வந்த சைமன் கிளிக் என்ற வழக்கறிஞர் பத்தடி தூரத்தில் நின்று, செல்போனில் படம் எடுத்தார். எடுத்தது போதும் என்றார் ஒரு போலீஸ்காரர். நீங்கள் அவரைக் குத்தியதைப் பார்த்தேன், பதிவு செய்கிறேன் என்று கிளிக் பதில் சொன்னார். உடனே அடுத்த கேள்வி: இதில் ஒலியும் பதிவாகிறதா? ஆமாம் என்றதும் கையில் விலங்கு.

ஒலியைப் பற்றி ஏன் கேட்டார்கள் என்றால், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் பேச்சை அவருக்குத் தெரியாமல், ரகசியமாகப் பதிவு செய்வதுதான் அதில் குற்றம். கிளிக்கோ அவர்கள் கண்ணெதிரே போனை நீட்டிக்கொண்டு நின்றார்! போதாக்குறைக்கு, கைதி தப்பிக்க உதவியதாகவும் ஒரு குற்றச்சாட்டு. கைதி தப்பிக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

குற்றச்சாட்டு எதுவும் நிற்கவில்லை. அப்புறம் அந்தப் போலீஸார் மீதும் நகராட்சி மீதும் கிளிக் வழக்குத் தொடுத்தார். 2011-இல், மாசசூசெட்ஸ் அடங்கிய பகுதிக்கான முதல் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பொது இடத்தில் அரசு ஊழியர் தம் கடமையைச் செய்வதைப் படம் எடுப்பது பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கும், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தரும் உரிமை. அது பத்திரிகையாளருக்கு மட்டுமே உரியதல்ல என்றது. என்னைக் கேட்டால், தீர்ப்பின் உயிர் இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. மறு வருடம் பாஸ்டன் நகராட்சி 1,70,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இந்த உரிமையின் அருமை மினியாபொலிஸ் நகரில் தெரிந்தது. 2020 மே 25-இல் போலீஸ்காரர் ஒருவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியதில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவர் இறந்ததும், காவல் துறை விட்ட முதல் அறிக்கையில் கழுத்தில் முழங்கால் வைத்த பேச்சே இல்லை; உடல்நலக் கோளாறு என்றே இருந்தது. 17 வயதுப் பெண் ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோ மட்டும் இல்லாவிட்டால் அந்த அறிக்கையே செய்தியாகியிருக்கும். அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணுக்கு, இதழியல் விருதுகள் வழங்கும் புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு வழங்கியது.

அதற்குப் பிறகும், படம் எடுப்பதைத் தடுக்க வழி தேடுவது ஓயவில்லை. 2022-இல் அரிசோனா மாநிலம், எச்சரித்த பிறகும் போலீஸ் நடவடிக்கையை எட்டடிக்குள் நின்று படம் எடுத்தால் குற்றம் என்று சட்டம் போட்டது. பாதுகாப்புக்காகவாம். சரி, போலீஸ்காரரே நம்மை நோக்கி நடந்து வந்தால்? அதே இடத்தில் படம் எடுக்காமல் நின்றால் இந்தச் சட்டத்தில் குற்றமில்லையே, அது மட்டும் எப்படி? அமலுக்கு வரும் முன்பே கூட்டாட்சி நீதிபதி தடை போட்டார். வழக்கில் அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற யாரும் முன்வரவில்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது டென்வர் நகர வழக்கு. 2014-இல் அங்கே ஒருவர் டேப்லெட்டில் கைது ஒன்றைப் பதிவு செய்தார். போலீஸார் அவரை வளைத்துக்கொண்டு வீடியோவைக் கேட்டார்கள். பொதுமக்கள் படம் எடுக்கலாம் என்று அந்தப் போலீஸாருக்குத் துறையே பயிற்சி கொடுத்திருந்தது. அவர் போலீஸார் மீது வழக்குத் தொடுத்தார். சம்பவம் நடந்த காலத்தில் உரிமை தெளிவாக நிலைநாட்டப்பட்டிருந்தால்தான் போலீஸார் மீது இப்படிப்பட்ட வழக்கு நிற்கும். 2021-இல், டென்வர் அடங்கிய பகுதிக்கான பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 2014-இல் இந்த உரிமை அப்படி நிலைநாட்டப்படவில்லை என்று அவர்களை விடுவித்தது. பயிற்சியில் கற்றது கணக்கில் சேராதாம். மறு ஆண்டே, வேறொரு வழக்கில், அந்த உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டென்வர்க்காரருக்கு அது பயன்படவில்லை. அவருடைய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதற்கு முன்பே ஏற்க மறுத்திருந்தது.

நன்றி, வணக்கம்.