எட்டு மணிக்குக் கிளம்பிய படை

எல்லோருக்கும் வணக்கம். ஜெனரல் என்றதும் நமக்குக் குதிரையும் வாளும்தான் ஞாபகம் வரும். நான் பேசப்போகிறவரிடம் அவை இரண்டும் இருந்தன; ஆள் ஆறடி நான்கு அங்குலம். ஆனால் அவர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம், நாலு வரிக் கடிதம் ஒன்று எழுதியதுதான் என்பேன்.

பெயர் அலெக்சாண்டர் டோனிஃபன். 1808-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்து, வக்கீலாகி, 1830-ல் மிசூரி மாநிலத்துக்கு வந்தார். அப்புறம் லிபர்ட்டி என்ற சின்ன ஊரில் தொழில். அமெரிக்க மாநிலங்கள் அன்று அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் பூர்வகுடிகளின் நிலம்.

1833-ல் பக்கத்து ஜாக்சன் கவுண்டியிலிருந்து, அதாவது பக்கத்து மாவட்டத்திலிருந்து, மார்மன்கள் என்ற மதப் பிரிவினரை அடித்து விரட்டினார்கள். புது மதம், கூட்டமாக வந்து குடியேறுகிறவர்கள், ஒரே பக்கம் ஓட்டுப் போடுகிறவர்கள்; ஊர்க்காரர்களுக்கு ஆகவில்லை. விரட்டப்பட்ட மார்மன்களுக்காக வழக்கை எடுத்த நான்கு வக்கீல்களில் டோனிஃபன் ஒருவர்.

1838-ல் சண்டை முற்றியது. மார்மன்களை ஒழிக்க வேண்டும், இல்லை மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று ஆளுநர் பாக்ஸ் அக்டோபர் 27-ம் தேதி எழுத்திலேயே உத்தரவு போட்டார். ஊர்க்காரர்களையே திரட்டிய மாநில மிலிஷியாப் படை, மார்மன்கள் இருந்த ஃபார் வெஸ்ட் ஊரைச் சூழ்ந்தது. அதில் டோனிஃபன் பிரிகேடியர் ஜெனரல். யாருக்காக நீதிமன்றம் ஏறினாரோ, அவர்களைச் சுற்றியே இப்போது துப்பாக்கியோடு நிற்கிறார். சங்கடத்தைப் பாருங்கள்.

மார்மன்களின் தலைவர் ஜோசப் ஸ்மித்தும் கூட இருந்த சிலரும் பிடிபட்டார்கள். மேலதிகாரி ஜெனரல் லூகாஸ், பெயருக்கு ஒரு ராணுவ விசாரணை நடத்திவிட்டு டோனிஃபனுக்குச் சீட்டு அனுப்பினார்: நாளை காலை 9 மணிக்கு ஊர்ச் சதுக்கத்தில் வைத்துக் கைதிகளைச் சுடவும்.

டோனிஃபன் எழுதிய பதிலின் சாரம் இது: இது பச்சைப் படுகொலை. உங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மாட்டேன். என் படை நாளைக் காலை 8 மணிக்கு லிபர்ட்டிக்குக் கிளம்புகிறது. இவர்களைக் கொன்றால், இந்தப் பூமியிலுள்ள நீதிமன்றத்தில் உங்களைப் பதில் சொல்ல வைப்பேன்.

சுடச் சொன்னது 9 மணிக்கு. இவர் கிளம்புவது 8 மணிக்கு. அந்த ஒரு மணி நேரத்தை யோசித்துப் பாருங்கள். அப்புறம் 'பூமியிலுள்ள' என்ற சொல். சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவில்லை மனிதர். கூண்டில் ஏற்றுவேன் என்கிறார். சீருடைக்குள் இருந்த வக்கீல் பேசுகிற இடம் இதுதான்.

லூகாஸ் பின்வாங்கினார். டோனிஃபன் மேல் நடவடிக்கையும் இல்லை. ஸ்மித்தை அந்தக் குளிர்காலம் முழுக்க அடைத்து வைத்தது எங்கே தெரியுமா? லிபர்ட்டி சிறையில், அதாவது தன் வக்கீல் தொழில் நடத்திய ஊரில்.

அமெரிக்கா மெக்சிகோவோடு நடத்திய போர்தான் டோனிஃபனுக்குப் புகழ் தந்தது. அடுத்தவன் நிலத்துக்காக நடந்த போர், அதையும் சொல்லிவிட வேண்டும். 1846-ல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். படையினரே ஓட்டுப் போட்டு அவரைக் கர்னல் ஆக்கினார்கள். மெக்சிகோவிடம் இருந்த சாண்டா ஃபே நகரம் கைக்கு வந்ததும், அந்தப் பிரதேசத்துக்குச் சட்டத்தொகுப்பு எழுதும் வேலை இவரிடம்தான் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று பிராசிட்டோ என்ற இடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது எதிரிப்படையின் புழுதி தெரிந்தது, சீட்டைப் போட்டுவிட்டு எழுந்தார் என்பார்கள். சண்டை அரை மணி நேரத்தில் முடிந்தது.

இத்தனை நியாயம் பேசியவர் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அதை நான் மறைக்கப் போவதில்லை. பின்னால் வந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கமும் படை நடத்தாமல் ஒதுங்கிக்கொண்டார். இரண்டு மகன்களையும் அதற்கு முன்பே, விடலைப் பருவத்திலேயே பறிகொடுத்திருந்தார்.

அன்று தப்பிய ஸ்மித்தை 1844-ல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. மார்மன்கள் மேற்கே யூட்டாவுக்குப் போய்விட்டார்கள். 1874-ல், தலை நரைத்த பிறகு, டோனிஃபன் அங்கே மார்மன்களின் நகரமான சால்ட் லேக் சிட்டிக்குப் போனார். வந்திருப்பது யார் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. அன்போடு வரவேற்று உபசரித்தார்கள்.