மாமாவின் மடிக்கணினி

நேயர்களுக்கு வணக்கம்.

அக்கா வீட்டு மடிக்கணினிக்குப் பத்து வயது. நான்கு ஜிபி ரேம். மாமா ஓய்வுபெற்றவர். வங்கிக் கணக்கு பார்ப்பார், கச்சேரி கேட்பார், குடியிருப்போர் சங்கத்துக்குத் தமிழில் கடிதம் அடிப்பார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ அந்த இயந்திரம் ஏற்காது. “நல்லாத்தானே ஓடுது தம்பி, இதைத் தூக்கிப் போடணுமா?” என்றார். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்றேன்.

சரி, எந்த லினக்ஸ்? 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது கெர்னல் என்ற உட்கருவை மட்டும்தான். அதோடு மேசைத்திரை, உலாவி, மென்பொருள் நிறுவும் வசதி எல்லாம் சேர்த்துக் கட்டித் தருவதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஃபெடோரா எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் பதின்மூன்று மாதம்தான் ஆயுள். அப்புறம் மேம்படுத்த நான்தான் ஓட வேண்டும். எல்லாவற்றையும் நாமே கையால் அமைக்க வேண்டிய ஆர்ச் லினக்ஸை மாமாவிடம் கொடுத்தால் அக்கா என்னோடு பேசமாட்டாள். உபுண்டு நல்லதுதான், நான்கு ஜிபிக்குக் கொஞ்சம் கனம். உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைத்திரை உண்டு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று பழகிய முகம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு. அதையே எடுத்தேன். உங்கள் வீட்டில் சிக்கல் வந்தால் யாருக்குப் போன் செய்வீர்களோ, அவர் வேறொன்று வைத்திருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

உடனே நிறுவிவிடவில்லை. மின்ட்டைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைக் கிளப்பினால், வன்தட்டைத் தொடாமல் லினக்ஸ் ஓடும். அப்படியே அரை நாள் ஓட்டிப் பார்த்தோம். ஒலி வந்தது, கேமரா வந்தது, மூடித் திறந்தால் விழித்துக்கொண்டது. வைஃபை மட்டும் காணவில்லை! மாமா முகம் சுருங்கியது. கைபேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைப் பகிர்ந்தேன். புகைப்படங்களை நகலெடுத்து வைத்துக்கொண்டு நிறுவிய பிறகு, அதே கேபிள் வழியாக டிரைவர் மேனேஜரைத் திறந்தால், வைஃபையை இயக்க வேண்டிய டிரைவர் என்ற மென்பொருள் பட்டியலில் இருந்தது. ஒரு சொடுக்கு, ஒரு மறுதொடக்கம், அவ்வளவுதான். போகிற போக்கில் பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி வன்தட்டைப் போட்டோம். உண்மையில் வேகம் கூடியது அதனால்தான்.

அப்புறம் தமிழ். பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். ‘அம்மா’ என்று அடிக்க, அ, ம, ம, ஆ என நான்கு தட்டு. முதல் ம தானாகப் புள்ளி வைத்துக்கொள்ளும். மாமா இதை நாலைந்து முறை அடித்துப் பார்த்தார். ஆனால் அவருடைய பழைய கடிதங்கள் எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தவை. திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டின. நகலெடுக்கும்போதே அந்த எழுத்துருக் கோப்பையும் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். நீங்களும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.

எல்லோரையும் மாறச் சொல்லமாட்டேன். கடைக் கணக்கு டாலியில் இருந்தால் விண்டோஸை விடாதீர்கள். அச்சு இயந்திரம் எந்த மாடல், அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலிலேயே பாருங்கள். என்னிடம் உள்ள லேசர் அச்சு இயந்திரத்தோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டிவிட்டுக் கைவிட்டேன். மாமாவுடையது செருகியதுமே ஓடியது.

போன வாரம் போன் செய்தார். வங்கியோ தமிழோ அல்ல விஷயம். “தம்பி, அந்தச் சீட்டாட்டம் எங்கே போச்சு?” என்றார். சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து சாலிடேர் என்று தேடச் சொன்னேன். கிடைத்துவிட்டதாம்.

வணக்கம்.