டிஸ்லெக்சியா உள்ளவர்கள் எப்படி வென்றார்கள்? கரோல் கிரைடர் முதல் ஜாக்கி ஸ்டூவர்ட் வரை

[திரையில்: ஐன்ஸ்டைன், லியொனார்டோ டா வின்சி ஆகியோரின் படங்கள்]

வணக்கம். டிஸ்லெக்சியாவோடு வாழ்ந்து சாதித்தவர்கள் என்ற பட்டியல் எங்கு வெளியானாலும் இந்த இருவரின் பெயர்களும் அதில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் சிறுவயதிலேயே அறிவியல் நூல்களைத் தேடித் தேடி வாசித்து, 13 வயதளவில் ஜெர்மன் தத்துவஞானி காண்டின் நூலையும் கையில் எடுத்த ஐன்ஸ்டைனுக்கு வாசிப்புக் குறைபாடு இருந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. டா வின்சியைப் பற்றிச் சொல்லப்படுவதும் அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்துப் பிற்காலத்தவர் செய்த ஊகமே. எனவே இந்தக் காணொளியில், தம் அனுபவத்தைத் தாமே வெளிப்படையாகப் பேசிய மூவரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் பெற்ற வெற்றியைவிட, அந்த வெற்றிக்கான வழி எந்த இடத்தில் திறந்தது என்பதே நம் கேள்வி.

[திரையில்: எழுத்துகள் ஒலிகளாகப் பிரியும் அசைவூட்டம்]

முதலில் ஒரு சிறு விளக்கம். டிஸ்லெக்சியா கண்ணில் உள்ள கோளாறு அன்று; அறிவுத்திறன் குறைவும் அன்று. பேச்சில் உள்ள ஒலிகளைப் பிரித்தறிந்து, அவற்றை எழுத்துகளோடு விரைவாகவும் தடையின்றியும் இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமமே அதன் மையம். குடும்ப வழியில் தொடரும் இயல்பும் அதற்கு உண்டு. ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வெவ்வேறாக ஒலிக்கும் ஆங்கிலத்தில் இந்தச் சிரமம் பிழைகளாகப் பளிச்சென்று தெரிந்துவிடும். எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் இத்தாலியம் போன்ற மொழிகளிலோ, அது பிழையாக வெளிப்படுவதைவிட வாசிப்பின் வேகக் குறைவாகவே வெளிப்படும். மெதுவாகப் படிக்கும் குழந்தையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது என்பதால், இதைப் பெற்றோர் கவனத்தில் கொள்வது நல்லது.

[திரையில்: கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி]

அமெரிக்காவில் 1961இல் பிறந்த கரோல் கிரைடர், பள்ளியில் சொற்களைப் பிழையின்றி எழுத முடியாமல் திணறினார். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சிறப்பு ஆசிரியர் வந்து அவரைத் தனிப் பயிற்சிக்கு அழைத்துச் செல்வார். மற்ற பிள்ளைகள் பார்த்திருக்க எழுந்து செல்ல வேண்டியிருந்த அந்தச் சிறுமி, தனக்கு அறிவு குறைவு என்றே நம்பத் தொடங்கினார். ஒலியைக் கூட்டிச் சொல்லை அமைக்க இயலாததால், சொற்களை முழு உருவமாக மனப்பாடம் செய்யும் வழியை அவர் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டார். நினைவில் நிறுத்த வேண்டியவை ஏராளமாக உள்ள அறிவியல் பாடங்களில் அந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது.

கல்லூரியில் ஆய்வகப் பணியிலும் பாடங்களிலும் சிறந்து விளங்கியும், முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது அவரது ஜி.ஆர்.இ. தேர்வு மதிப்பெண் குறைவாக இருந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் வாசித்து விடையளிக்க வேண்டிய தேர்வு அது. அவருக்கு எது கடினமோ அதையே அளந்தது. ஏறத்தாழ ஒரு டஜன் இடங்களுக்கு விண்ணப்பித்தவரை நேர்முகத்துக்கு அழைத்தவை கால்டெக், பெர்க்லி ஆகிய இரண்டு மட்டுமே. பெர்க்லியில் அவர் உயிரியல் ஆய்வாளர் எலிசபெத் பிளாக்பர்னைச் சந்தித்தார்.

செல்லுக்குள் மரபுத் தகவலைத் தாங்கும் குரோமோசோம்களின் முனைகளில் டெலோமியர் எனப்படும் பகுதிகள் உள்ளன. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அவை சிறிது தேய்வதால், அவற்றை மீண்டும் நீட்டித் தரும் நொதி ஒன்று இருக்க வேண்டும் என்று பிளாக்பர்ன் கருதினார். கண்டுபிடிக்க முடியும் என்று யாரும் உறுதி தர முடியாத அந்தத் தேடலைக் கிரைடர் விரும்பி ஏற்றார். குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச்செல் உயிரியைக் கொண்டு சோதனைகள் நடந்தன. 1984ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஆய்வகத்துக்கு வந்து அவர் எடுத்துப் பார்த்த, சோதனை முடிவு பதிவான எக்ஸ்ரே படத்தாளில், ஆறு எழுத்து கொண்ட ஒரே டி.என்.ஏ. தொடர் மீண்டும் மீண்டும் சேர்க்கப்பட்டதற்கான அடையாளம் ஏணிப்படிகளைப் போல வரிசையாகத் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 23. பின்னர் டெலோமரேஸ் என்று பெயரிடப்பட்ட அந்த நொதி, முதுமையையும் புற்றுநோயையும் பற்றிய ஆய்வுகளில் இன்று இன்றியமையாதது. 2009இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை பிளாக்பர்ன், ஜாக் ஷோஸ்டாக் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

பல கூறுகளை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து அவற்றுக்கு இடையிலான தொடர்பை உணரும் திறன், சிறுவயதில் தாம் வளர்த்துக்கொண்ட மாற்று வழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்று கிரைடர் கூறியிருக்கிறார். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. டிஸ்லெக்சியா ஒரு வரம் என்றும், அது உள்ளவர்கள் அனைவரும் மேதைகள் என்றும் சொல்லப்படுவது, தினமும் பாடப்புத்தகத்தோடு போராடும் குழந்தையின் மீது மற்றொரு சுமையையே ஏற்றுகிறது. கிரைடர் வளர்த்துக்கொண்டதாகச் சொல்வது திறனை; குறைபாட்டையே திறனாக அவர் காட்டவில்லை.

[திரையில்: உறைபனி எலக்ட்ரான் நுண்ணோக்கி]

சுவிட்சர்லாந்தின் ழாக் துபோஷே இதை நகைச்சுவையோடு அணுகினார். 2017இல் வேதியியல் நோபல் பெற்ற அவர், தம் தன்விவரக் குறிப்பில், அந்நாட்டின் வோ (Vaud) மாநிலத்தின் முதல் அதிகாரபூர்வ டிஸ்லெக்சியர் தாமே என்றும், எல்லாப் பாடங்களிலும் மோசமாக இருக்கவும் சிரமப்படுவோரைப் புரிந்துகொள்ளவும் அது தமக்கு உதவியது என்றும் எழுதியிருக்கிறார். பனிப்படிகங்கள் உருவாவதற்கு முன்பே நீரைக் கண்ணாடிபோல உறையவைத்து, அதனுள் உயிர் மூலக்கூறுகளைச் சிதையாமல் பார்க்கும் முறையை உருவாக்கியவர் அவர்.

[திரையில்: நூர்பர்க்ரிங் பந்தயத் தடம், 1968]

மூன்றாமவர் ஸ்காட்லாந்தின் ஜாக்கி ஸ்டூவர்ட். மூன்று முறை ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன். பள்ளியில் ஏளனத்துக்கு ஆளாகிப் பதின்ம வயதிலேயே படிப்பை விட்டவர். ஏறத்தாழ 23 கி.மீ. நீளமுள்ள நூர்பர்க்ரிங் தடத்தின் ஒவ்வொரு வளைவும், அங்கே எந்த கியர், எங்கே பிரேக் என்பதும் தமக்கு மனப்பாடம் என்றும், ஆனால் ஆங்கில அகரவரிசையை முழுமையாகச் சொல்ல முடியாது என்றும் அவர் கூறியிருக்கிறார். 1968இல் மழையிலும் மூடுபனியிலும் அதே தடத்தில் நான்கு நிமிட இடைவெளியில் வென்றார். தமக்கு டிஸ்லெக்சியா இருப்பதை அவர் அறிந்ததோ நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, மகனுக்குப் பரிசோதனை செய்தபோதுதான். அதற்குள் அவர் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்று ஆண்டுகள் கடந்திருந்தன. பின்னாளில் டிஸ்லெக்சியா ஸ்காட்லாந்து அமைப்பின் தலைவராகி, ஆசிரியர் பயிற்சியிலேயே இதைக் கற்பிக்க வேண்டும் என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தினார்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை, தான் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் பெற்ற மாணவர்கள் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் உதவியும் கோரலாம். கிரைடரைப் பல கதவுகளுக்கு வெளியே நிறுத்திய ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணை, அமெரிக்காவின் பல உயிரியல் ஆய்வுத் துறைகள் இப்போது கேட்பதில்லை. டிஸ்லெக்சியாவை முன்னிட்டு எடுத்த முடிவு அன்று அது. ஒரு மாணவர் நல்ல ஆய்வாளர் ஆவாரா என்பதை அந்த மதிப்பெண் சரியாகக் காட்டவில்லை என்று அவை கண்டுகொண்டதே காரணம்.