கொண்டைக்கடலையை வேகவைக்காதீர்கள்! ஓவனில் மொறுமொறு ஃபலாஃபல்

வணக்கம் மக்களே! இன்று நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மூன்று நாளாக இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓவனில் ஃபலாஃபல், அதாவது கொண்டைக்கடலையை அரைத்துச் செய்கிற அரபு நாட்டு வடை, செய்யப் போகிறேன் என்று போன வீடியோவின் கடைசியில் சொன்னேன் இல்லையா? கமெண்ட் முழுக்க ஒரே புலம்பல். "எண்ணெயில் போட்டதும் கரைந்துவிட்டது அக்கா", "ஓவனில் வைத்தேன், திருப்பும்போது பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது". ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன், கடலையை வேகவைத்தீர்களா என்று. ஆமாம் அக்கா, நாலு விசில்.

வேகவைக்கவே கூடாது! மசால் வடைக்குக் கடலைப்பருப்பை வேகவைத்தா அரைக்கிறோம்? ஊறவைத்து, வடிகட்டி, கரகரப்பாக அரைக்கிறோம். அதே வேலைதான் இங்கேயும். வேகவைக்காத கடலையில் இருக்கிற மாவுச்சத்து ஓவன் சூட்டில்தான் வெந்து பசையாகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே வெந்த கடலையில் அந்தப் பசை குக்கரிலேயே முடிந்துபோயிருக்கும். அதனால்தான் பிரெட் தூள் போடு, மைதா போடு என்று ஆரம்பிக்கிறார்கள். மைதா போட்ட ஃபலாஃபல் எனக்கு அறவே பிடிக்காது, வாயில் ஒட்டும்.

லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கமெல்லாம் கொண்டைக்கடலைதான். எகிப்தில் இதையே ஃபாவா பீன்ஸ் என்கிற ஒரு வகை அவரைப் பருப்பில் செய்து தஅமியா என்பார்கள், கீரை நிறையப் போடுவதால் பிய்த்தால் உள்ளே பச்சைப் பசேலென்று இருக்கும். அங்கேயும் பருப்பை ஊறவைத்துப் பச்சையாகத்தான் அரைக்கிறார்கள்.

சரி, வார நாளில் எப்படி நேரம் கிடைக்கும் என்று கேட்பீர்கள். செவ்வாய் இரவு 8 மணிக்கு 200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையைத் தாராளமாகத் தண்ணீர் விட்டு ஊறப்போட்டேன். ஊறினால் எடை இரண்டு மடங்கு ஆகும், சின்னப் பாத்திரம் எடுக்காதீர்கள். புதன் காலை வடிகட்டி, பருத்தித் துண்டில் பரப்பிவிட்டுக் குளித்துவிட்டு வந்தேன். அந்த ஈரம் போவது ரொம்ப முக்கியம். அப்புறம் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஆபீஸ் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்து மிக்ஸியில் ஒரு வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், ஒரு கட்டு கொத்தமல்லி, அரைக் கட்டு புதினா, வறுத்த சீரகமும் தனியாவும், உப்பு. பார்ஸ்லிதான் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இங்கே ஒரு சின்னக் கட்டு 60 ரூபாய் சொன்னார்கள், நான் வாங்கவில்லை. கொத்தமல்லி 10 ரூபாய், மணமும் எனக்கு அதுதான் பிடிக்கும். கடலையை இரண்டு தடவையாகப் பிரித்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். கையில் எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ரவை மாதிரி நெருட வேண்டும். மையாக அரைத்தால் உள்ளே கல் மாதிரி ஆகிவிடும்.

இப்போது தட்டு விஷயம். இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே! போன மாதம் முதல் தடவை செய்தபோது குளிர்ந்த தட்டில் அடுக்கி உள்ளே வைத்தேன். மேலே வறண்டு, அடியில் வெளிறி, சாப்பிடும்போது தொண்டையில் அடைத்தது. இந்த முறை என்ன செய்தேன் என்றால், ஓ.டி.ஜி.யை, அதாவது என் மின்சார ஓவனை, 200 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்கும்போதே வெறும் தட்டையும் உள்ளே வைத்துவிட்டேன். வெளியே எடுத்து இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றிப் பரப்பி, மசால் வடை மாதிரி தட்டிய வில்லைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். வைத்ததும் சுர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! ஓவனில் அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த கிளிப்பை இரண்டு தடவை போட்டுக் காட்டுகிறேன், கேளுங்கள். மேலே இன்னும் ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி, 13 நிமிடம். திருப்பினால் அடி முழுக்கத் தேன் நிறம், ஓரத்தில் கொத்தமல்லி இலை கருகாமல் மொறுமொறுவென்று ஒட்டியிருக்கிறது. ஒன்றுகூட உடையவில்லை. 21 வில்லை, 21-ம் முழுசு! அப்புறம் இன்னொரு 10 நிமிடம். என் ஓ.டி.ஜி. பின் மூலையில் கூடுதலாகச் சிவக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் நடுவில் தட்டைத் திருப்பி வைத்தேன்.

ஐயோ, ஆப்பசோடா சொல்ல மறந்துவிட்டேன்! அரைத்ததும் மாவை 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், தட்டுவதற்குச் சற்று முன்னால் கால் ஸ்பூன் ஆப்பசோடா சேர்த்துப் பிசையுங்கள். முன்கூட்டியே போடாதீர்கள். உள்ளே லேசாக இருப்பது அதனால்தான்.

அடுத்தது தஹினி, இதோடு சேர்த்துச் சாப்பிடுகிற எள் விழுது. கடையில் 200 கிராம் பாட்டில் 385 ரூபாய். எள் விளைகிற ஊரில் எள் விழுதுக்கு 385 ரூபாயா? எனக்கு மனசே வரவில்லை, பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டேன். மளிகைக் கடையில் தோல் நீக்கிய வெள்ளை எள் 100 கிராம் 35 ரூபாய்க்கு வாங்கினேன். சிறு தீயில், நிறம் மாறாமல், மணம் வரும் வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டு, சின்ன ஜாரில் மூன்று ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு அரைத்தேன். ஓரத்தை வழித்து வழித்து ஐந்து நிமிடம் ஆனது, தோசை மாவு மாதிரி வழிய ஆரம்பித்தது. தோலோடு இருக்கிற எள் வேண்டாம், கசக்கும்.

அதில் எலுமிச்சைச் சாறும் நசுக்கிய பூண்டும் விட்டதும் திரண்டு கெட்டியாகிக் கரண்டி நகராது. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள்! ஐஸ் தண்ணீர் ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடியுங்கள். நாலாவது ஸ்பூனில் சட்டென்று வெளுத்து, தயிர் மாதிரி இளகிவிடும். அதைப் பார்க்கிறதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

குபூஸ் என்கிற அரபு ரொட்டியெல்லாம் தேடவில்லை. மதியச் சப்பாத்தி இருந்தது, அதைச் சூடாக்கி, வெள்ளரி, தக்காளி, வினிகரில் ஒரு பீட்ரூட் துண்டோடு காலையிலேயே போட்டு வைத்திருந்த முள்ளங்கி, மேலே இந்தத் தஹினி. லெபனானில் டர்னிப்பை இப்படித்தான் ரோஸ் நிறத்தில் ஊறவைப்பார்கள், எங்கள் மார்க்கெட்டில் அன்று டர்னிப் இல்லை.

பொரித்ததற்கு ஈடாகுமா என்றால், ஆகாது. பொரித்த ஃபலாஃபலின் மேல்தோலே தனி. ஆனால் மொத்தம் 21 வில்லைக்கு மூன்று ஸ்பூன் எண்ணெய், 100 கிராம் காய்ந்த கடலைக்குச் சுமார் 20 கிராம் புரதம், சாப்பிட்டதும் வயிறு கனக்காமல் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம். புதன்கிழமைக்கு எனக்கு இதுதான் வேண்டும். சனிக்கிழமை வேண்டுமானால் பொரித்துக்கொள்ளலாம்.

எட்டு மீந்தது. மறுநாள் காலையில் தோசைக்கல்லில் போட்டுச் சூடாக்கினேன், மைக்ரோவேவ் வேண்டாம், நமுத்துவிடும். டிபன் பாக்ஸில் ஆறு வைத்து அனுப்பினேன், காலியாகத் திரும்பி வந்தது. நாலு விசில் விட்ட எல்லோரும் இன்று ராத்திரியே கடலையை ஊறப்போட்டு, நாளைக்கு உங்கள் தட்டில் அந்தச் சுர்ர்ர் சத்தம் வந்ததா என்று கமெண்ட்டில் சொல்லுங்கள்.