படிக்கும்போதே ஒரு கடைக் கணக்கு

வணக்கம் நேயர்களே. பி.காம்., பி.பி.ஏ. படிக்கிற பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் இன்று பேசப் போகிறேன். "மூணாவது வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ வரும், அப்போ பார்த்துக்கலாம்" என்ற பேச்சைப் பல வீடுகளில் கேட்கிறேன். வணிகவியல் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு ஒரே ஆசைதான். இரண்டாம் வருஷத்திலேயே ஏதாவது ஒரு கடையில், ஒரு பட்டறையில், நிஜமான கணக்கு ஒரு மாதம் எப்படி ஓடுகிறது என்று கூடவே இருந்து பாருங்கள்.

ஏன் முழு மாதம்? இந்தத் தேதிகளைக் கேளுங்கள். 7ஆம் தேதிக்குள், போன மாதம் பிடித்த டி.டி.எஸ்.ஸை, அதாவது பிறருக்குப் பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வருமான வரியை, கட்ட வேண்டும். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், அதாவது ஜி.எஸ்.டி.ஆர்-1. 14ஆம் தேதி, நாம் வாங்கிய சரக்கின் வரிப் பட்டியல் 2பி தானாகவே வந்து நிற்கும். 15ஆம் தேதிக்குள் வேலையாட்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம். 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத ஜி.எஸ்.டி. கணக்கைப் போட்டு வரி கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தருகிற சிறு கடைகளும் உண்டு. நான் மாதா மாதம் தருகிறவர்களைச் சொல்கிறேன். மறுபடியும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: 7, 11, 14, 15, 20. கணக்கு எழுதுகிற டாலி சாஃப்ட்வேரைச் சொல்லித்தர எத்தனையோ சென்டர்கள் இருக்கின்றன. ஆனால் 19ஆம் தேதி சாயங்காலம் ஒரு கடையில் இருக்கிற பரபரப்பை அங்கே பார்க்க முடியாது.

என் மாணவி ஒருத்தி, அப்பாவுக்குத் தெரிந்த இரும்புக் கடைக்குச் சாயங்காலங்களில் போனாள். முதலில் பில்களைத் தேதிவாரியாக ஃபைலில் கோக்கிற வேலை. பிறகு ஒருநாள் கணக்குப்பிள்ளை 2பி பட்டியலைக் கொடுத்து, "பில்லோட ஒத்துப் பாரும்மா" என்றார். பார்த்தால், ஒரு பில் பட்டியலில் இல்லை. ஒரு லட்ச ரூபாய்க் கம்பி, அதற்கு வரி 18 சதவீதம், 18,000 ரூபாய். கடைக்காரர் அந்த வரியையும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருந்தார். ஆனால் விற்றவர் 11ஆம் தேதிக்குள் அந்தப் பில்லை ஏற்றவில்லை. அவர் ஏற்றாவிட்டால் நம் 2பியில் வராது. வராவிட்டால், வாங்கும்போது கொடுத்த வரியை அந்த மாதம் நாம் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது. 18,000 ரூபாயைக் கையிலிருந்து போட வேண்டும்.

கம்பி விற்றவருக்கு அவளையே போன் பண்ணச் சொன்னார்கள். "அண்ணாச்சி, போன மாசப் பில்லு எங்க பக்கம் காட்டலை, கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. விட்டுப்போனதை ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் சேர்க்கிறேன் என்றார் அவர். அதுவரை கடைக்காரர் அடுத்த சரக்குக்கான பணத்தில் 18,000 ரூபாயை நிறுத்திவைத்தார். கம்யூனிகேஷன் ஸ்கில் என்று பணம் கட்டிப் படிக்கிறார்களே, அது இந்தப் போனில் இருக்கிறது. பிற்பாடு வேலைக்கான இன்டர்வியூவில் இதைச் சொன்னபோது, மற்றதை விட்டுவிட்டு இதையே துருவித் துருவிக் கேட்டார்களாம்.

எங்கே போவது என்று கேட்கிறீர்களா? உங்கள் ஊர் ஆடிட்டர் ஆபீஸில் கேளுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை வருமான வரி வேலை அங்கே குவிந்து கிடக்கும். பெண் பிள்ளையை அனுப்பத் தயங்குகிற பெற்றோர் ஒருமுறை நேரில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பிள்ளை முதல் வாரம் பில் கோக்க மட்டும் உட்கார்ந்தால் வருத்தப்படாதீர்கள். பில்லைப் பார்த்துப் பார்த்துத்தான் கணக்குப் பிடிபடும்.

நேரம் ஆகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மேல்படிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.காம்.மில் 55 சதவீதம் எடுத்தால், சி.ஏ. படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் எடுக்கிற பயிற்சி, முன்பு 3 வருஷம், 2023 முதல் 2 வருஷம்தான். சி.எம்.ஏ. என்கிற செலவுக் கணக்குப் படிப்பு, சி.எஸ். என்கிற கம்பெனி செக்ரட்டரி படிப்பு, இவற்றையும் விசாரியுங்கள். பட்டம் முடித்து வேலை தேடுகிறவர்கள், மத்திய அரசின் நாட்ஸ் தொழில் பழகுநர் திட்டத்தில் பெயர் பதியுங்கள். அது இன்ஜினீயர்களுக்கு மட்டுமல்ல, பி.காம்., பி.பி.ஏ. முடித்தவர்களுக்கும் உண்டு, மாதம் உதவித்தொகையும் தருவார்கள். அதில் பதியப் பணம் வேண்டும் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். வணக்கம்.