ஓரம் நெளிந்த பாசி

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

"கண்டாங்கிச் சேலை ஊர்ல கடல்பாசிக்கு என்னப்பா வேலை?" என்று வாசலிலேயே ஓர் ஆச்சி கேட்டுவிட்டார்கள். கண்டாங்கியை வைத்துத்தான் பேசப்போகிறேன், ஆச்சி.

படிக்கிற காலத்தில் மண்டபம் கரையில் இரண்டு கட்டக்கோரை பொறுக்கினேன். புத்தகத்தில் அதற்குச் சர்காசம் என்று பெயர். ஒன்றுக்கு அகல இலை, மற்றதற்கு ஒடிசல் இலை. இரண்டு தாளில் ஒட்டி, இரண்டு இனம் என்று எழுதிக் கொடுத்தேன். வாத்தியார் சிரித்தார். ஒன்று அலை மோதும் பாறையில் வளர்ந்தது, மற்றது ஒதுக்கத்தில் வளர்ந்தது. ஒரே இனம்தான்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், குளிர்ந்த நீரில், நெரியோசிஸ்டிஸ் என்றொரு பழுப்புப் பாசி இருக்கிறது. முப்பது மீட்டருக்கு மேலும் நீளும். நீரோட்டம் வேகமான இடத்தில் அதன் இலை நாடா மாதிரி தட்டை. அமைதியான இடத்தில் அகலம், ஓரமெல்லாம் நெளிவு. இடம் மாற்றி நட்டால், புதிதாக வளரும் பகுதி சில நாளிலேயே புது இடத்துக்கு ஏற்ப மாறிவிடுகிறது.

எப்படி? சேலை ஓரத்தை இழுத்துப் பிடித்துத் தைத்தால் என்ன ஆகும்? ஓரம் நீண்டுவிடும், நடுத்துணி அப்படியே நிற்கும். மிச்ச நீளம் போக இடமில்லாமல் நெளியும். பாசியிலும் ஓரம் நடுவைவிட வேகமாக வளர்வதால்தான் நெளிவு. நீரோட்டம் இலையை நெடுக இழுக்கும்போது நடுவும் ஈடுகொடுத்து வளர்கிறது, நெளிவு போய்விடுகிறது. சர்க்கரைக் கெல்ப் என்னும் இன்னொரு பாசியைத் தொடர்ந்து இழுவையில் வைத்தே சோதித்திருக்கிறார்கள். 1987இல் வந்த ஆய்வு அது. இலை ஒடுங்கித்தான் வளர்ந்தது.

நெளிந்த இலை நீரில் படபடத்து விரியும், ஒன்றன் நிழல் ஒன்றில் விழாது, வெயில் கிடைக்கும். ஆனால் வேகமான நீர் அதையே பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். தட்டை இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தப்பும். வெயில்தான் நஷ்டம். வட்டிக் கணக்கு தெரிந்த ஊர், விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கோடாப் பாசியும், அதாவது டர்பினேரியாவும், இப்படித்தான். பசிபிக்கில் தாஹிட்டிப் பக்கம் பார்த்திருக்கிறார்கள்: அலை உடையும் திட்டில் குட்டை, தண்டு உரம், காற்றுப்பை கிடையாது. உள்பக்கத்து அமைதியான நீரில் காற்றுப்பையோடு நிமிர்ந்து நிற்கிறது.

அடுத்த முறை ராமேஸ்வரம் போகும்போது மண்டபத்தில் இறங்குங்கள். கரையில் ஒதுங்கிய பக்கோடா ஒன்றை நகத்தால் கிள்ளி, உள்ளே காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.